இரண்டேகால் வயது மகன்: பகல்நேர ஆரம்பநிலைப் பயிற்சி மையத்தில் தாய் உடன் இருந்தே ஆக வேண்டுமா?

விருதைவாசி எழுதியது:

வணக்கம். மகனுக்கு இரண்டு வயது மூன்று மாதம். நடை, ஓட்டம், படியேறுவது எல்லாம் வயதுக்கேற்றபடி வந்துவிட்டன. பேச்சுதான் இல்லை. ஒன்றரை வயதில் 'தாத்தா', 'காக்கா' என்று சொன்னான். அதுவும் நின்றுவிட்டது. பெயர் சொல்லி அழைத்தால் பெரும்பாலும் திரும்புவதில்லை. ஆனால் அடுத்த அறையில் பிஸ்கட் உறை பிரிகிற சத்தம் கேட்டால் ஓடி வருகிறான். வேண்டியதை விரல் நீட்டிக் காட்டத் தெரியவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பிரிட்ஜ் கதவின்மேல் வைக்கிறான்.

குழந்தை மருத்துவர், "வளர்ச்சித் தாமதம் தெரிகிறது. நோய்க்குப் பெயர் வைப்பதற்குக் காத்திருக்காமல் பயிற்சியைத் தொடங்குங்கள்" என்று எழுதிக் கொடுத்தார். என் அம்மாவோ, "நீயே மூன்று வயதில்தான் வாய் திறந்தாய், பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு இழுக்காதே" என்கிறார்.

எங்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது அரசு மருத்துவமனை வளாகத்தில் உள்ள மாவட்ட ஆரம்பநிலைப் பயிற்சி மையம். கட்டணம் இல்லை, ஆனால் வாரத்துக்கு ஓரிரு முறைதான் நேரம் கிடைக்கும் என்கிறார்கள். அடுத்தது ஒரு தொண்டு நிறுவனத்தின் பகல்நேர மையம், திங்கள் முதல் வெள்ளி வரை காலை மூன்று மணி நேரம். அங்கே வீட்டுப் பெரியவர் ஒருவர் குழந்தையுடனேயே உட்கார வேண்டும் என்பது நிபந்தனை. கடைசியாக ஒரு தனியார் தெரபி மையம். காலையில் விட்டுவிட்டு மாலையில் அழைத்துக்கொள்ளலாம். கட்டணம் என் சம்பளத்தில் பாதியை விழுங்கும், பெற்றோருக்கு உள்ளே அனுமதி இல்லை.

மனைவி வங்கி ஊழியர். வேலையை விட்டுவிடலாமா என்று கேட்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

ஓய்வுபெற்ற சிறப்பாசிரியை எழுதியது:

தம்பி, முதலில் காது. பிஸ்கட் உறைக்கு ஓடி வருவதை வைத்துக் காது நன்றாகக் கேட்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். சில சுருதிகள் மட்டும் கேட்டு, பேச்சொலி தெளிவாக விழாத பிள்ளைகள் உண்டு. மருத்துவரிடம் சொல்லிப் பெரா (BERA) பரிசோதனைக்கு எழுதி வாங்குங்கள்; ஒலி கேட்கும்போது காது நரம்பும் மூளையும் எப்படிச் செயல்படுகின்றன என்று கருவியால் அளப்பது அது. கேட்கும் திறனில் குறை இருந்தால் பாதையே வேறு: காது கேட்கும் கருவி, தேவைப்பட்டால் உட்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சை. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே அதற்கு வழி இருக்கிறது.

அடுத்து, உங்கள் பதிவில் எனக்கு மிகவும் உறுத்திய வரி 'அதுவும் நின்றுவிட்டது' என்பது. பிள்ளை தாமதமாகப் பேசத் தொடங்குவது ஒன்று, வந்த பேச்சு மறைவது முற்றிலும் வேறொன்று. அம்மாவிடம் சண்டை போட வேண்டாம். நீங்கள் மூன்று வயதில் பேசியது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் பேசிய இரண்டு சொல்லும் உங்களுக்குப் போய்விட்டனவா, விரல் நீட்டிக் காட்டினீர்களா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

மூன்று வழிகளைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இப்போதைக்கு ஒன்று: பெற்றோரை உள்ளே விடாத இடத்துக்குப் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள்.

---

தென்காசித் தாய் எழுதியது:

அண்ணா, என் மகள் குறைமாதக் குழந்தை, மூளை முடக்குவாதம். ஒன்றே கால் வயதில் பகல்நேர மையத்துக்குப் போக ஆரம்பித்தோம். நானும் உள்ளே உட்கார்ந்தேன். முதல் வாரம் எனக்குக் கோபம்தான் வந்தது. 'பயிற்சி தருவது அவர்கள் வேலை, நான் எதற்கு?' என்று தோன்றியது.

அங்கே என்ன நடக்கும் என்பதை அப்படியே சொல்கிறேன். மகளை மூலை நாற்காலியில், அதாவது இருபுறமும் தாங்கிப் பிடிக்கும் நாற்காலியில், முதுகு சாயாமல் உட்கார வைப்பார்கள். முன்னால் ஒரு எவர்சில்வர் தட்டு, அதில் நாலைந்து பொரி. விரலால் கிள்ளி எடுக்க வேண்டும். அவள் உள்ளங்கையால் வாரி எடுக்கப் பார்ப்பாள், பொரி சிதறும். நான் உடனே எடுத்து வாயில் வைத்துவிடுவேன். பயிற்சி தரும் அக்கா என் கையைப் பிடித்துத் தடுப்பார், "பத்து எண்ணுங்கள், பிறகு உதவுங்கள்" என்பார். அந்தப் பத்து எண்ணுவது எவ்வளவு கடினம் என்று பெற்றவளுக்குத்தான் தெரியும். மகள் பொரியைக் கிள்ளிய அன்று எனக்கு ஒன்று உறைத்தது: மையத்தில் இதைச் செய்வது இருபது நிமிடம், வீட்டில் மூன்று வேளையும் சாப்பாடு இருக்கிறதே! அன்றிலிருந்து சோறு, இட்லித் துண்டு, வேகவைத்த கேரட் எல்லாமே பயிற்சிதான்.

இப்போது மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள், ஊன்றுகோலுடன் நடக்கிறாள். உங்கள் பிள்ளையின் பிரச்சினை வேறு, முடிவும் வேறாக இருக்கும். அதனால் இதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள் கிராமங்களில் வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறார்கள். 1981-இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கியது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த நிலையில் சக்கர நாற்காலியிலிருந்து நடத்தியவர் அவர். தினமும் பஸ் ஏற முடியாதவர்கள், உங்கள் பகுதியில் இப்படி வீட்டுக்கு வரும் ஏற்பாடு உண்டா என்று விசாரியுங்கள்.

---

முரண்படுபவன் எழுதியது:

இந்த இழையில் யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். 'வீட்டுப் பெரியவர் ஒருவர்' என்பது காகிதத்தில் மட்டும்தான். எந்த மையத்துக்குப் போனாலும் சுவரோரம் உட்கார்ந்திருப்பது அம்மாக்கள். வேலையை விடுவதும் அம்மா, பிள்ளை தேறாவிட்டால் "சரியாகச் செய்யவில்லை" என்று திட்டு வாங்குவதும் அம்மா. சம்பளம் கொடுத்து ஆள் வைக்க முடியாத நிறுவனங்கள், அந்த வேலையைத் தாயின் தலையில் கட்டிவிட்டு அதற்குத் தத்துவம் பேசுகின்றன. விருதைவாசியும் பாருங்கள், 'மனைவி வேலையை விடலாமா' என்றுதான் கேட்கிறார். 'நான் விடலாமா' என்று கேட்கவில்லை.

பணம் இருந்தால் தனியார் மையம்தான் சரி. பயிற்சி பெற்றவர்கள் பயிற்சி தரட்டும், தாய் தாயாக இருக்கட்டும்.

---

ஓய்வுபெற்ற சிறப்பாசிரியை எழுதியது:

முரண்படுபவன் ஐயா, உங்கள் பதிவின் முதல் பாதியை நான் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்வேன். தந்தையைக் கூப்பிடாமல் தாயை மட்டும் விரட்டும் மையங்களில் நானே வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் அதிலிருந்து நீங்கள் வரும் முடிவு தவறு.

கணக்கைப் பாருங்கள். இந்த வயதுக் குழந்தை ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரமாவது விழித்திருக்கும், வாரத்துக்கு 84 மணி. மையத்தில் கிடைப்பது 15. மீதி 69 மணி நேரம் வீட்டில் எதுவும் நடக்காமல், 15 மணி நேரத்தில் மட்டும் பிள்ளை பேசிவிடும் என்று நினைப்பது வீண். அதிலும் சிறு குழந்தை ஓரிடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்கு எளிதில் கொண்டுபோகாது. மேசையில் உட்கார்ந்து 'பந்து' அட்டையைத் தொடும் பிள்ளை, வீட்டு வாசலில் பந்தைப் பார்த்தால் பேசாமல் நிற்கும். வீட்டில் இருப்பவர் பயிற்சியைக் கண்ணால் பார்த்திருந்தால்தான் அதை வாசலுக்குக் கொண்டுபோக முடியும்.

ஆள் பற்றாக்குறைக்குச் சொல்லும் சாக்கு என்றீர்கள். சென்னை தியாகராய நகரில் 1989 முதல் இயங்கும் மதுரம் நாராயணன் மையம், வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்கான பயிற்சியையே பெற்றோர் உடனிருப்பை வைத்துத்தான் அமைத்தது. அவர்களுடைய 'உபநயன்' முறையில், பிறந்தது முதல் இரண்டு வயது வரையிலான பகுதியில் மட்டும் 250 திறன்கள். உடலியக்கம், தன் வேலையைத் தானே செய்தல், மொழி, அறிதல், பழகுதல் என ஐந்து துறைகள், ஒவ்வொன்றிலும் ஐம்பது. பிள்ளையால் எது முடிகிறது, அடுத்தது எது என்று பட்டியலைப் பார்த்தே பெற்றோருக்குப் புரியும்.

ஆராய்ச்சியும் உண்டு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும், ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு, நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டே ஆறு மாதம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2016-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்தது. பெற்றோர் பிள்ளையின் கவனத்தைப் பின்தொடர்ந்து பேசக் கற்றுக்கொண்டார்கள், பிள்ளைகளும் தாமாகவே தொடர்புகொள்ள முன்வந்தார்கள். அங்கே பயிற்சி கொடுக்கப்பட்டது பிள்ளைக்கு அல்ல, பெற்றோருக்கு. அதுதான் கவனிக்க வேண்டியது.

எனவே விருதைவாசி, உங்கள் கேள்வியைக் கொஞ்சம் மாற்றுங்கள். தாய் உடன் இருக்க வேண்டுமா என்றால், தேவையில்லை. பிள்ளையோடு நாள்தோறும் வாழும் ஒருவர் இருக்க வேண்டும். அது நீங்களாகவும் இருக்கலாம்.

---

தாத்தா_மேலூர் எழுதியது:

நான் பேரனோடு போகிறேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள். மையத்தில் ஆண் என்று நான் ஒருவன்தான். ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது, இப்போது எல்லாருக்கும் நான்தான் தாத்தா. பஸ் வரும் நேரம் பார்த்துச் சொல்வதும் நானே.

முடியுமா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: முடியும். ஒரு சிக்கல் உண்டு. நான் காலையில் கற்றுக்கொண்டதை மாலையில் மருமகளுக்குச் சொல்ல வேண்டும். என் விளக்கம் அவருக்குப் புரியாது. "'தா' என்று கையை நீட்டிவிட்டுச் சும்மா இரு" என்றால் "எவ்வளவு நேரம் மாமா சும்மா இருப்பது?" என்பார். மையத்து அம்மாவிடம் சொன்னேன். அவர் என் கைப்பேசியிலேயே இரண்டு நிமிட வீடியோ எடுத்துத் தருகிறார். அதைப் பார்த்து மருமகளும் செய்கிறார். சனிக்கிழமை மகன் வருகிறான்.

இன்னொன்று. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. அடையாள அட்டை வேண்டும். நடத்துநர் முறைத்தாலும் அட்டையைக் காட்டுங்கள்.

---

வாழ்க வளமுடன் எழுதியது:

ஏன் இவ்வளவு சிரமம்? சென்னையில் ஸ்டெம் செல் ஊசி போடும் இடம் இருக்கிறது. என் நண்பரின் மகனுக்கு நல்ல மாற்றம். தொடர்பு எண் வேண்டுமானால் தனிமடலில் கேளுங்கள்.

---

பிசியோ_மதுரை எழுதியது:

யாரும் கேட்க வேண்டாம். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க இயலாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. இந்தப் பிள்ளைக்கு ஆட்டிசம் என்றே இன்னும் யாரும் சொல்லவில்லை, அதற்குள் ஊசி!

---

மட்டுறுத்துநர்: தொடர்பு எண் பகிரும் பதிவுகள் நீக்கப்படும்.

---

கிளமெண்டி அம்மா எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கு 'எய்பிக்' என்ற, அரசு உதவி பெறும் ஆரம்பநிலைப் பயிற்சித் திட்டம் உண்டு. குழந்தை மருத்துவர் பரிந்துரைத்து, பெரிய மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவு பார்த்து, பிறகு மாற்றுத்திறனாளிகளுக்கான எஸ்ஜி எனேபிள் அமைப்பின் வழியாக மையம் ஒதுக்குவார்கள். மையங்களை நடத்துவது சமூக சேவை அமைப்புகள். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இங்கும் பராமரிப்பவர் உடன் இருக்க வேண்டும். ஆகவே இது ஊரில் மட்டும் உள்ள வழக்கம் அல்ல.

நான் எழுத வந்தது வேறு. மகளுக்குப் பேச்சு தாமதம் என்று தெரிந்ததும், சுற்றியிருந்த எல்லாரும் "தமிழை நிறுத்து, ஒரே மொழி போதும், பிள்ளை குழம்பும்" என்றார்கள். வீட்டில் மாமியாருக்கு ஆங்கிலம் வராது. அவர் ஒரு வாரம் பேத்தியிடம் வாயே திறக்கவில்லை, ஏதாவது சொன்னால் தப்பாகிவிடுமோ என்று பயம். பேச்சுப் பயிற்சியாளரிடம் கேட்டேன். இரண்டு மொழி கேட்பதால் தாமதம் வராது, உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில் நிறையப் பேசுங்கள் என்றார். மாமியாரிடம் சொன்னதும் அன்று மாலையே 'சாய்ந்தாடம்மா' ஆரம்பித்துவிட்டார். மகள் முதலில் சொன்ன சொல் 'தண்ணி'.

விருதைவாசி வீட்டில் இந்தப் பிரச்சினை இருக்காது. ஆனால் அங்கும் ஆங்கில ரைம்ஸ் போட்டுப் பேச வைக்கும் தெரபி மையங்கள் உண்டு என்று கேள்விப்படுகிறேன். பிள்ளை வீட்டில் கேட்பது தமிழ் என்றால், பயிற்சியும் தமிழில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

---

அங்கன்வாடி ஊழியர் எழுதியது:

அரசு மையத்தை எல்லாரும் தாண்டிப் போகிறீர்கள். 2013-இல் வந்த தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ்தான் அந்த மாவட்ட மையங்கள். எங்கள் அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறை நடமாடும் மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைப் பார்க்கிறது, சந்தேகம் இருந்தால் அங்கே அனுப்புகிறது. பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் நான்கையும் ஒரே கூரையின் கீழ் பார்ப்பதுதான் அந்த மையத்தின் சிறப்பு. குழந்தை மருத்துவர், பிசியோ, பேச்சு மற்றும் செவித்திறன் நிபுணர், உளவியலாளர், கண் பரிசோதகர், சிறப்பாசிரியர் எல்லாரும் அங்கேயே இருக்க வேண்டும் என்பது விதி. எல்லா ஊரிலும் எல்லாப் பணியிடமும் நிரம்பியிருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

வாரத்தில் ஓரிரு நாள்தான் என்பது குறைதான். ஆனால் பரிசோதனைகளையும் சான்றிதழ் வேலையையும் அங்கேயே முடித்துக்கொண்டு, தினசரிப் பயிற்சிக்குத் தொண்டு நிறுவன மையத்துக்குப் போகலாம். ஒன்றில் பதிந்தால் மற்றொன்று கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

பிள்ளையை அங்கன்வாடிக்கும் அனுப்பிவையுங்கள். மற்ற பிள்ளைகள் நடுவே உட்கார்ந்தால் தேறுவான். பயிற்சி மையத்தில் எல்லாரும் பேசாத பிள்ளைகள், அங்கன்வாடியில் காது கிழியும்.

---

முரண்படுபவன் எழுதியது:

சிறப்பாசிரியை அம்மாவின் 84 மணிக் கணக்கு சரிதான், மறுக்கவில்லை. ஆனால் தந்தையரும் வர வேண்டும் என்று எழுதுவது எளிது. காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை மையம் வைத்தால் எந்தத் தந்தை வருவார், எந்த வேலைக்குப் போகும் தாய் வருவார்? வாரத்தில் ஒருநாள் மாலையிலோ சனிக்கிழமையிலோ பெற்றோருக்கென்று ஒரு வகுப்பு வைக்க இந்த மையங்களுக்கு என்ன தடை? அதைக் கேட்டால் 'ஆள் இல்லை' என்கிறார்கள். அப்படியானால் நான் முதலில் சொன்னதுதானே உண்மை?

---

ஓய்வுபெற்ற சிறப்பாசிரியை எழுதியது:

உண்மைதான். சிறப்பாசிரியருக்கு இங்கே தரப்படும் சம்பளத்தில் சனிக்கிழமையும் வா என்று கேட்க எனக்கே வாய் வராது. அது தனிச் சண்டை, போட வேண்டிய சண்டையும்கூட. ஆனால் விருதைவாசியின் மகனுக்கு இரண்டேகால் வயது. அந்தச் சண்டை முடிகிற வரை அவன் காத்திருக்க முடியாது.

தம்பி, மையத்தைத் தேர்ந்தெடுக்க நான் பார்ப்பது இவற்றைத்தான். அரை நாள் உள்ளே உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் நடையைக் கட்டுங்கள். பிள்ளைக்கென்று எழுதிய திட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். 'பேச்சு வளர வேண்டும்' என்பது திட்டம் இல்லை. 'மூன்று மாதத்தில், வேண்டிய பொருளை விரல் நீட்டிக் காட்டுவான்' என்பது திட்டம். வீட்டுக்குப் போகும்போது இன்று இதைச் செய்யுங்கள் என்று சொல்லி அனுப்புகிறார்களா என்பது அதைவிட முக்கியம். அழுகிற பிள்ளையின் கையை அழுத்திப் பிடித்து வேலை வாங்குகிறார்களா என்றும் கவனியுங்கள். 'ஆறு மாதத்தில் பேச வைத்துவிடுவோம்' என்று சொல்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

நாளையே வீட்டில் தொடங்க ஒன்று சொல்கிறேன். மகன் உங்கள் மணிக்கட்டை இழுத்துப் பிரிட்ஜில் வைக்கிறான் அல்லவா? அது தொடர்புதான், நல்ல அறிகுறி. உடனே திறக்காதீர்கள். அவன் உயரத்துக்குக் குனிந்து, அவன் சுட்டுவிரலை மெல்ல நீட்டிப் பால் பாக்கெட்டைத் தொட வைத்து, 'பால்' என்று ஒரே ஒரு சொல் சொல்லுங்கள். பிறகு கொடுங்கள். 'என்ன கண்ணா வேண்டும், பால் வேண்டுமா, சொல்லு சொல்லு' என்று அடுக்காதீர்கள். கைப்பேசியில் பாட்டுப் போட்டு ஊட்டும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். நான்கைந்து நாள் வீடு இரண்டுபடும், பிறகு அடங்கும்.

---

விருதைவாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. முரண்படுபவன் சொன்னது சுருக்கென்று இருந்தது. நேற்று இரவு மனைவியும் நானும் உட்கார்ந்து பேசினோம். யாரும் வேலையை விடவில்லை. தொண்டு நிறுவன மையம்தான். வாரத்தில் மூன்று நாள் என் அப்பா போகிறார், அவர் தயார். ஒரு நாள் நான் பிற்பகல் ஷிப்டு கேட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு நாள் மனைவியின் சித்தி. ஆள் மாறி மாறி வருவதை மையம் ஏற்குமா என்று கேட்டோம். பொதுவாக வேண்டாம் என்பார்களாம், ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு அன்றன்று நடந்ததை எழுதிக்கொள்வதாகச் சொன்ன பிறகு சரி என்றார்கள். தாத்தா ஐயாவின் வீடியோ யோசனையையும் கடைப்பிடிக்கிறோம்.

அம்மாவிடம் 'நான் விரல் நீட்டிக் காட்டினேனா' என்று கேட்டேன். "நிலாவைக் காட்டிக் காட்டி உயிரை வாங்குவாய்" என்றார். பிறகு அவரே பேச்சை நிறுத்திவிட்டார்.

பெராவுக்கு அடுத்த வாரம் நேரம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு சந்தேகங்கள்: இந்த வயதிலேயே மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்க வேண்டுமா? பெராவுக்குப் பிள்ளை தூங்க வேண்டும் என்கிறார்களே, இவன் பகலில் தூங்கவே மாட்டான்.

---

அங்கன்வாடி ஊழியர் எழுதியது:

அட்டைக்கு அவசரம் இல்லை, ஆனால் மருத்துவர் சொன்னால் தயங்காதீர்கள். ஐந்து வயது வரை 'ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம்' என்று தற்காலிகச் சான்றுதான் தருவார்கள், பிறகு மறுபடி பார்ப்பார்கள். பிள்ளைமேல் குத்தும் முத்திரை என்று பயப்பட வேண்டாம். பிற்பாடு மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு தேவைப்பட்டால் சான்று கேட்பார்கள். அது ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபி செலவும் அதில் சேரும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்று உறுதியானவர்களுக்கு மட்டும்தான். மாதாந்தர பராமரிப்பு உதவித்தொகை பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

---

தென்காசித் தாய் எழுதியது:

தூக்கத்துக்கு வழி சொல்கிறேன் அண்ணா. முந்தின இரவு தாமதமாகத் தூங்க வையுங்கள், காலையில் நான்கு மணிக்கெல்லாம் எழுப்பிவிடுங்கள். பஸ்ஸில் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் கூடவே வர வேண்டும், அதுதான் பெரிய பாடு. தலை குளித்து, எண்ணெய் இல்லாமல் கூட்டிப் போங்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் மின்முனை ஒட்டுவார்கள், எண்ணெய் இருந்தால் ஒட்டாது. அப்படியும் தூங்காவிட்டால் தூக்க மருந்து கொடுப்பார்கள். அதற்கு எத்தனை மணி நேரம் முன்பிருந்து பால், சாப்பாடு கொடுக்கக் கூடாது என்று போனிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வேறொரு நாள் வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சளி இருந்தாலும் முன்பே சொல்லிவிடுங்கள். அவனுக்குப் பழகிய போர்வையைக் கொண்டு போங்கள், அங்கே ஏசி அதிகமாக இருக்கும்.